லினக்ஸ் வழங்கல்களில் நிரலகப் பொருந்தாமை: புதுக்கோட்டைக் கல்வெட்டுத் தரவுகளை முன்வைத்து ஒரு விளக்கம்

ஆய்வுச்சுருக்கம்

லினக்ஸ் வழங்கல் ஒன்றைப் புதிய பதிப்புக்கு உயர்த்தும்போது, அதுவரை இயங்கிய மென்பொருள் இயங்காமல் போவதுண்டு. இயங்கியும் பிழையான விடை தருவதும் உண்டு. பல மென்பொருள்கள் பொதுவாகப் பயன்படுத்தும் நிரலகங்கள் மாறுவதே இதற்குப் பெரும்பாலும் காரணமாகும். இக்கட்டுரை அம்மாற்றம் நிகழும் முறையையும், டெபியன் வழங்கலும் அதன்வழி உருவான பாஸ் லினக்ஸ் போன்றவையும் அதனைக் கையாளும் முறையையும் விளக்குகிறது. தமிழ் உள்ளீடு, தமிழ்ப் பின்ன எண்களின் ஒருங்குறி, தமிழ்ச் சொற்களின் வரிசையாக்கம் ஆகிய மூன்றும் சான்றுகளாக எடுத்துக்கொள்ளப்படுகின்றன. புதுக்கோட்டை மாவட்டக் கல்வெட்டுகளைக் கணினியில் தொகுக்க முனைவோர் இம்மூன்றையும் எதிர்கொள்ள வேண்டியிருக்கும்.

திறவுச்சொற்கள்: நிரலகம், இரும இடைமுகம், டெபியன், பாஸ் லினக்ஸ், ஒருங்குறி, தமிழ்ப் பின்னங்கள், புதுக்கோட்டைக் கல்வெட்டுகள்

முன்னுரை

புதுக்கோட்டை சமஸ்தானம் தன் எல்லைக்குட்பட்ட கல்வெட்டுகளின் மூலபாடங்களைத் தொகுத்து 1929ஆம் ஆண்டு நூலாக வெளியிட்டது. கல்வெட்டுகள் அரச மரபுகளின்படி வகுக்கப்பட்டு ஒவ்வொன்றும் ஒரு தொடர் எண் பெற்றன. குடுமியான்மலை, நார்த்தாமலை, திருக்கோகர்ணம் முதலிய ஊர்களின் கோயில்களைப் பற்றி எழுதிய பலரும் அந்த எண்களைக் கொண்டே கல்வெட்டுகளைச் சுட்டி வந்துள்ளனர். அத்தொகுதியை இன்று ஒருவர் திருத்திப் பதிப்பிப்பதாகக் கொள்வோம். பாடப்பிழைகளை நீக்குகிறார், புதிதாகக் கண்டறியப்பட்ட கல்வெட்டுகளை உரிய மரபின்கீழ் சேர்க்கிறார், எண்களை முதலிலிருந்து புதிதாக இடுகிறார். நூலின் தரம் உயர்ந்துவிட்டது என்பதில் ஐயமில்லை. ஆயினும் பழைய எண்ணைச் சுட்டிய ஆய்வேடுகள் அனைத்தும் அப்பதிப்பைப் பொறுத்தவரை பிழையானவை ஆகிவிடுகின்றன. எண் இல்லாமற் போயிருந்தால் படிப்பவர் குழப்பத்தை உடனே உணர்வார். அதே எண்ணில் வேறொரு கல்வெட்டு இருந்தால் உணரமாட்டார். இரண்டாவதே கூடுதல் தீங்கு விளைப்பது.

லினக்ஸ் வழங்கலில் நிரலகங்கள் மாறும்போது நிகழ்வதும் ஏறத்தாழ இதுவே. ஆங்கிலத்தில் புத்தகச் சாலைக்கும் நிரல்களின் தொகுதிக்கும் ஒரே சொல் வழங்குகிறது. குழப்பம் தவிர்க்க, இக்கட்டுரையில் பின்னது நிரலகம் எனப்படுகிறது. திருக்கோகர்ணத்திலுள்ள ஞானாலயா ஆய்வு நூலகம் பழந்தமிழ் நூல்களின் முதற்பதிப்புகளைப் பேணி வருவதற்காக அறியப்படுவது. பிற்காலப் பதிப்பு வந்துவிட்டது என்பதற்காக முதற்பதிப்பை அங்கே எவரும் அகற்றுவதில்லை. வழங்கல்களில் ஒரு நிரலகத்தின் பழைய பதிப்பும் புதிய பதிப்பும் அருகருகே வைக்கப்படுவதற்கும் ஏறக்குறைய அதே காரணம்தான் உண்டு.

மென்பொருளும் நிரலகமும் இணையும் முறை

எழுத்துகளைத் திரையில் அமைத்தல், சொற்களை அகர வரிசைப்படுத்தல், மறையாக்கம் செய்தல் போன்ற பணிகள் பல மென்பொருள்களுக்கும் பொதுவானவை. ஒவ்வொரு மென்பொருளும் இவற்றைத் தனித்தனியே எழுதிக்கொள்வதில்லை. ஒருமுறை எழுதப்பட்ட செயற்கூறுகள் நிரலகமாக வட்டில் ஓரிடத்தில் இருக்கும். மென்பொருளின் கோப்பில் தனக்கு வேண்டிய நிரலகங்களின் பெயர்களும், அவற்றிலிருந்து அழைக்கவேண்டிய செயற்கூறுகளின் பெயர்களும் மட்டுமே இடம்பெறும். மென்பொருளைத் தொடங்கும்போது இணைப்பி என்னும் சிறு நிரல் அப்பட்டியலைப் படித்து, நிரலகங்களை நினைவகத்தில் ஏற்றி, அழைப்புகளை உரிய இடங்களோடு பொருத்துகிறது. ஒரு நிரலகத்தில் பாதுகாப்புக் குறை கண்டறியப்பட்டால் அந்த ஒரு கோப்பை மாற்றினாலே போதும். அதைப் பயன்படுத்தும் நூறு மென்பொருள்களும் திருந்திவிடும். இம்முறையின் பெரும்பயன் இது. இதன் இடரும் இதிலேயே அடங்கியுள்ளது.

இங்கு இரண்டு உடன்பாடுகளை வேறுபடுத்திக் காண வேண்டும். மூல நிரலை எழுதுபவர் பார்ப்பது நிரல் இடைமுகம்: எச்செயற்கூற்றை எப்பெயரால், என்னென்ன உள்ளீடுகளோடு அழைப்பது என்பது. நிரல்பெயர்ப்பி அதனை எந்திர மொழிக்கு மாற்றிய பிறகு எஞ்சுவது இரும இடைமுகம்: ஒரு கட்டமைப்பு எத்தனை பைட்டுகள் கொண்டது, அதன் மூன்றாம் உறுப்பு எத்தனையாவது பைட்டில் தொடங்குகிறது என்பன போன்றவை. கட்டமைப்பின் நடுவே புதிய உறுப்பு ஒன்றைச் சேர்த்தால் மூல நிரலில் ஓரெழுத்தும் மாற்ற வேண்டியிராது. மீண்டும் நிரல்பெயர்த்தால் போதும். ஆனால் ஏற்கெனவே நிரல்பெயர்க்கப்பட்ட மென்பொருள் பழைய இடத்திலேயே தேடும். அங்கே இப்போது வேறொன்று இருக்கும். முன்னுரையில் கூறிய எண் மாறிய கல்வெட்டின் நிலை இதுதான்.

ஆகவே ஒவ்வொரு நிரலகத்துக்கும் பதிப்பெண்ணோடு கூடிய பகிர்வுப் பெயர் ஒன்று அளிக்கப்படுகிறது. இரும இடைமுகம் முறியும் வகையில் மாற்றம் செய்தால் நிரலகத்தின் ஆசிரியர் அந்த எண்ணை உயர்த்த வேண்டும் என்பது மரபு. எண் வேறானால் கோப்பின் பெயரும் வேறாகும். பழையதும் புதியதும் ஒரே வட்டில் இருக்கலாம். ஒவ்வொரு மென்பொருளும் தனக்குரியதைத் தேர்ந்துகொள்ளும். மரபைக் காப்பது மனிதர்கள் என்பதால் தவறுகளும் நேர்கின்றன. எண்ணை உயர்த்த மறந்த ஆசிரியரால் விளையும் பொருந்தாமையே கண்டுபிடிக்கக் கடினமானது.

ஜிலிப்சி என்னும் அடிப்படை நிரலகம் வேறொரு வழியைக் கையாள்கிறது. அது தன் பகிர்வுப் பெயரை மாற்றுவதில்லை. மாறாக, ஒவ்வொரு செயற்கூற்றின் பெயரோடும் அது எப்பதிப்பில் வந்தது என்னும் முத்திரையை இணைக்கிறது. ஒரே செயற்கூற்றின் பழைய வடிவமும் புதிய வடிவமும் ஒரே கோப்பினுள் இருக்கும். எனவே பழைய மென்பொருள் புதிய ஜிலிப்சியில் பெரும்பாலும் இயங்கும். எதிர்த்திசையில் இது நடவாது. 2021 ஆகஸ்டில் வெளிவந்த ஜிலிப்சி 2.34இல் மென்பொருளைத் தொடங்கிவைக்கும் அடிப்படைச் செயற்கூறே புதிய முத்திரை பெற்றது. அதன்பின் அப்பதிப்பிலோ அதற்குப் பிந்தியதிலோ நிரல்பெயர்க்கப்பட்ட ஏறக்குறைய எந்த மென்பொருளும் முந்தைய பதிப்புகளில் தொடங்குவதில்லை. உபுண்டு 22.04இல் ஜிலிப்சி 2.35 உள்ளது, டெபியன் 11இல் 2.31 உள்ளது. முன்னதில் உருவாக்கிய சிறு தமிழ்ச் சொல்லெண்ணி ஒன்றைப் பின்னதில் இயங்கும் கல்லூரிக் கணினிக்கு எடுத்துச் சென்றால், இன்ன முத்திரை கிடைக்கவில்லை என்ற ஒரு வரியோடு நின்றுவிடும். மென்பொருளில் பிழையில்லை. கணினியிலும் பிழையில்லை. பழைய அமைப்பில் நிரல்பெயர்த்துப் புதியதற்கு எடுத்துச் செல்லலாம், மறுதலையாக இயலாது என்னும் விதி மட்டுமே அங்கு மீறப்பட்டுள்ளது.

தமிழ் உள்ளீட்டில் நேர்ந்த மோதல்

இரண்டு பதிப்புகள் ஒரே வட்டில் இருக்கலாம் என்றோம். இரண்டும் ஒரே மென்பொருளின் நினைவகத்துள் ஏற்றப்பட்டால் நிலைமை வேறு. இதனைத் தமிழ்ப் பயனர்கள் நேரடியாகவே கண்டனர்.

2000களின் நடுப்பகுதியில் லினக்சில் தமிழ் தட்டெழுதப் பலரும் சிம் என்னும் உள்ளீட்டுச் சட்டகத்தைப் பயன்படுத்தினர். எம்17என் நிரலகத்தின் வழியாகத் தமிழ்99, ஒலிபெயர்ப்பு, தட்டச்சு முறை, இன்ஸ்கிரிப்ட் ஆகிய விசைப்பலகைகள் அதில் கிடைத்தன. சிம் சி++ மொழியில் எழுதப்பட்டது. தமிழில் எழுத வேண்டிய ஒவ்வொரு மென்பொருளுக்குள்ளும் சிம்மின் ஒரு கூறு ஏற்றப்படும். அதனுடன் சி++ மொழியின் அடிப்படை நிரலகமும் உள்ளே வரும். 2004இல் வெளிவந்த ஜிசிசி 3.4 நிரல்பெயர்ப்பியோடு அந்நிரலகத்தின் பகிர்வெண் 5இலிருந்து 6 ஆனது. வழங்கலில் உள்ள மென்பொருள்கள் அனைத்தும் 6க்கு மாற்றி நிரல்பெயர்க்கப்பட்டன. மூல நிரல் வெளியிடப்படாத மென்பொருள்களை அவ்வாறு செய்ய இயலவில்லை; அவை 5உடனேயே வந்துகொண்டிருந்தன. அத்தகைய ஒன்றைத் தொடங்கினால் அது 5ஐ ஏற்றும். அதனுள் புகும் சிம் 6ஐ ஏற்றும். இரண்டிலும் ஒரே பெயருடைய செயற்கூறுகள் உண்டு. எது யாருடையது என்ற தெளிவின்றி அழைப்புகள் தடம் மாற, மென்பொருள் முறிந்து வீழும். தமிழ் உள்ளீட்டை நீக்கினால் அதே மென்பொருள் நன்றாக இயங்கும். பயனரின் கண்ணுக்குக் குற்றவாளி தமிழ் விசைப்பலகையே.

இதற்குக் கண்ட தீர்வு குறிப்பிடத்தக்கது. மென்பொருளுக்குள் நுழையும் பகுதியை மட்டும் சி மொழியில் தனியே எழுதி, சிம்மின் எஞ்சிய பகுதியை வேறொரு செயல்முறையாக வெளியே நிறுத்தினர். சிம் பிரிட்ஜ் எனப்பட்ட அந்தச் சிறு பாலம் சி++ நிரலகத்தை உள்ளே இழுத்து வருவதில்லை. செய்திகளை மட்டும் இருபுறமும் கடத்தியது. பின்னர் வந்த ஐபஸ் சட்டகமும் உள்ளீட்டுப் பொறியைத் தனிச் செயல்முறையாக நிறுத்தி, டிபஸ் வழியே பேசும் அமைப்பைக் கொண்டது. இன்று லினக்சில் தமிழ் தட்டெழுதுவோருக்கு இம்மோதல் பெரும்பாலும் நினைவில் இல்லை.

காணியும் முந்திரியும்

புதுக்கோட்டைப் பகுதிக் கல்வெட்டுகளில் நிலக்கொடை, நில விற்பனை பற்றிய செய்திகள் மிகுதி. வேலி, மா, காணி, முந்திரிகை என நில அளவுகள் நுண்ணிதாகக் கூறப்படும். மா என்பது இருபதில் ஒன்று, காணி எண்பதில் ஒன்று, முந்திரி முந்நூற்றிருபதில் ஒன்று. இப்பின்னங்களுக்கும் வேலி, குழி, நன்செய், புன்செய், நெல் முதலியவற்றுக்கும் உரிய குறியீடுகள் நெடுங்காலம் ஒருங்குறியில் இடம்பெறவில்லை. 2019 மார்ச்சு 5இல் வெளிவந்த ஒருங்குறி 12.0இல் தமிழ்த் துணைத்தொகுதி என்னும் பெயரில் 51 குறியீடுகள் சேர்க்கப்பட்டன. கல்வெட்டு, ஓலைச்சுவடி ஆய்வாளர்களுக்கு இது பயன் மிகுந்த வரவாகும். முந்திரிக்குரிய குறி வெறும் வடிவமாக மட்டுமன்றி 1/320 என்னும் மதிப்புடைய எண்ணாகவே அங்கு வரையறுக்கப்பட்டுள்ளது.

ஒருங்குறியில் சேர்ந்துவிட்டால் கணினி அதனை அறிந்துகொள்ளும் என்று கருதுவது இயல்பு. ஆனால் கணினிக்கு அந்த அறிவைத் தருவன நிரலகங்கள். அவற்றுள் தலையாயது ஐசியு. ஓர் எழுத்து எம்மொழிக்குரியது, எண்ணா எழுத்தா, அகர வரிசையில் அதன் இடம் யாது என்பன எல்லாம் ஐசியுவின் தரவுகளில் உள்ளன. ஐசியு 63 ஒருங்குறி 11ஐயே அறியும். ஒருங்குறி 12ஐ அறிந்தது 2019 மார்ச்சு இறுதியில் வெளிவந்த ஐசியு 64. டெபியன் 10 அவ்வாண்டு சூலை 6இல்தான் வெளிவந்தது என்றாலும் அதில் இருப்பது ஐசியு 63.

மூன்று மாதத்துக்கு மேல் இடைவெளி இருந்தும் புதிய பதிப்பு ஏன் சேர்க்கப்படவில்லை என்னும் வினா எழலாம். விடை பொருந்தாமையில் உள்ளது. ஐசியு தன் ஒவ்வொரு பெரும்பதிப்பிலும் பகிர்வெண்ணை மாற்றுகிறது. அதுமட்டுமன்றிச் செயற்கூறுகளின் பெயர்களின் இறுதியிலும் பதிப்பெண்ணை ஒட்டிவைக்கிறது. 63இல் உள்ள ஒரு செயற்கூறு 64இல் அதே பெயரில் இராது. இதனால் சிம் போன்ற மோதல் ஐசியுவில் நேராது. இரண்டு பதிப்புகள் ஒரே நினைவகத்தில் இருந்தாலும் பெயர்கள் வேறு வேறு. அதற்குரிய விலை, ஐசியு மாறும்போதெல்லாம் அதனைச் சார்ந்த அனைத்தையும் மீண்டும் நிரல்பெயர்த்தாக வேண்டும் என்பதே. லிப்ரே ஆபிஸ், போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம், எக்ஸ்எம்எல் நிரலகம் எனப் பட்டியல் நீளும். அத்தகைய மாற்றங்களுக்கு டெபியன் 10இன் கதவு 2019 சனவரி 12இலேயே மூடப்பட்டுவிட்டது. ஒருங்குறி 12 வந்தபோது, முழு உறைநிலைக்கு ஒரு வாரமே எஞ்சியிருந்தது. நிலைத்தன்மைக்காகப் போற்றப்படும் ஒரு விதி, தமிழ்ப் பின்னங்களை இரண்டாண்டுகள் காக்கவைத்தது. டெபியன் 11 வெளிவந்த 2021 ஆகஸ்டில் ஐசியு 67 கிடைத்தது. விதியைக் குறைகூற இயலாது; அதனைத் தளர்த்தியிருந்தால் வேறெங்கோ நூறு மென்பொருள்கள் முறிந்திருக்கக்கூடும்.

நடைமுறையில் விளைவு யாது? டெபியன் 10ஐ அடிப்படையாகக் கொண்ட கணினியில் முந்திரிக் குறியை உரிய எழுத்துரு இருந்தால் திரையில் காணலாம். ஆனால் அது தமிழ் எழுத்துகளை மட்டும் தேடும் கட்டளையில் அகப்படாது. எண்மதிப்பைக் கேட்டால் மதிப்பில்லை என்னும் விடை வரும். வரிசைப்படுத்தினால் இடம் ஒதுக்கப்படாத குறியாகக் கருதப்பட்டுப் பட்டியலின் கடைசிக்குத் தள்ளப்படும். பைத்தான் மொழியிலும் இதே எல்லை காணப்படுகிறது. டெபியன் 10இன் பைத்தான் 3.7 ஒருங்குறி 11ஐயே அறியும். முந்திரியின் மதிப்பைக் கேட்டால் பிழைச்செய்தி தரும். டெபியன் 11இன் பைத்தான் 3.9 அதன் மதிப்பைச் சரியாகத் தரும். ஒரே நிரல், ஒரே தரவு. இரு கணினிகளில் இரு விடைகள். நிலக்கொடைகளின் மொத்தப் பரப்பைக் கணக்கிடும் ஆய்வில், பிழைச்செய்தியைக் கண்டும் காணாமல் கடந்துவிடும் வகையில் நிரல் எழுதப்பட்டிருந்தால், காணியும் முந்திரியும் கூட்டுத்தொகையிலிருந்து ஓசையின்றி விடுபட்டுப்போகும்.

இவ்விடத்தில் பழைய வழங்கலைக் கைவிட இயலாதவர்க்கு இரு வழிகள் உண்டு. ஐசியுவின் புதிய பதிப்பைத் தனிக் கோப்புறையில் நிரல்பெயர்த்து ஆய்வு நிரலுக்கு மட்டும் பயன்படுத்துவது ஒன்று. பெயர்களில் பதிப்பெண் இருப்பதால் அது வழங்கலின் ஐசியுவோடு மோதாது. குறியீட்டோடு அதன் எண்மதிப்பையும் தரவிலேயே தனிப் பத்தியில் பதிந்துவைப்பது மற்றொன்று. கல்வெட்டுத் தரவுகளுக்குப் பின்னதே சிறந்தது. வழங்கல்கள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாறும். தரவு அவற்றைக் கடந்தும் நிற்க வேண்டியது.

பெயர் மாறாமல் நடத்தை மாறுதல்

மேற்கூறியவை ஏதோ ஒருவகையில் தம்மை வெளிப்படுத்திக்கொள்ளும் பொருந்தாமைகள். பகிர்வெண்ணும் மாறாது, கட்டமைப்பும் மாறாது, விடை மட்டும் மாறும் வகை ஒன்றும் உண்டு. 2018 ஆகஸ்டில் வெளிவந்த ஜிலிப்சி 2.28இல் சொற்களை வரிசைப்படுத்தும் அடிப்படைத் தரவு பன்னாட்டுத் தரத்தின் புதிய பதிப்புக்கேற்ப முற்றிலும் மாற்றப்பட்டது. டெபியன் 9இல் இருந்தது 2.24, டெபியன் 10இல் 2.28. உயர்த்தியபின் எல்லா மென்பொருள்களும் வழக்கம்போலத் தொடங்கின.

சிக்கல் தரவுத்தளங்களில் இருந்தது. போஸ்ட்கிரெஸ் போன்ற தரவுத்தளம் ஊர்ப்பெயர்களைத் தேட ஓர் அடைவை அமைத்து வட்டில் சேமிக்கிறது. நூலின் பின்னுள்ள சொல்லடைவில் தேடுவதுபோல், நடுவில் திறந்து, தேடும் சொல் முன்னா பின்னா எனப் பார்த்து, ஒரு பாதியை ஒதுக்கி மறுபாதியில் தொடரும். அடைவு பழைய வரிசை விதிப்படி எழுதப்பட்டது. தேடல் புதிய விதிப்படி நடக்கிறது. சொல் முன்பாதியில் இருக்க, பின்பாதிக்குச் சென்று தேடி, இல்லை என்று விடை கூறும். கல்வெட்டு தரவில் உள்ளது, தேடலில் இல்லை. ஒருமுறைதான் வரவேண்டும் என்று வரையறுத்த பதிவு இருமுறை இடம்பெறுவதும் இதனால் நேரும். தீர்வு எளிது: மேம்படுத்தியவுடன் அடைவுகள் அனைத்தையும் மீளமைக்க வேண்டும். அதைச் செய்யவேண்டும் என்று அறிந்திருப்பதே கடினம். வழங்கலின் வெளியீட்டுக் குறிப்புகளைப் படிக்காமல் மேம்படுத்தும் வழக்கம் தரவுத்தளம் வைத்திருப்போர்க்கு ஏற்றதன்று.

டெபியனின் பெயர்வுமுறையும் வழிநிலை வழங்கல்களும்

டெபியனில் நிரலகப் பொதியின் பெயரிலேயே பகிர்வெண் இடம்பெறும். ஐசியுவைப் பொறுத்தவரை டெபியன் 9இல் 57, 10இல் 63, 11இல் 67, 12இல் 72 என எண்ணோடு கூடிய பொதிகள் உள்ளன. புதிய எண் வரும்போது அது முதலில் சோதனைக் களஞ்சியத்தில் வைக்கப்படும். சார்ந்துள்ள பொதிகளின் பட்டியல் எடுக்கப்பட்டு, ஒவ்வொன்றும் புதியதோடு நிரல்பெயர்க்கப்படுகிறதா என்று பார்க்கப்படும். தோல்வியுறுவனவற்றுக்குப் பிழை அறிக்கை இடப்படும். வெளியீட்டுக் குழுவின் இசைவு கிடைத்தபின் அனைத்தும் மூல நிரலில் மாற்றமின்றி மீண்டும் நிரல்பெயர்க்கப்பட்டு, ஒன்றாகவே அடுத்த நிலைக்கு நகர்த்தப்படும். ஒன்று தயாராகாவிட்டால் எல்லாம் காத்திருக்க நேரும். 1998 சூலையில் வெளியான டெபியன் 2.0, ஐந்தாம் சி நிரலகத்திலிருந்து ஆறாவதற்குப் பெயர்ந்தபோது பழையதைத் தனிப் பிரிவில் விட்டுவைத்தது. 2015இல் ஜிசிசி 5 சி++ சரங்களின் அமைப்பை மாற்றியபோது பகிர்வெண் மாறவில்லை. ஆகவே பாதிக்கப்பட்ட பொதிகளின் பெயருக்குப் பின்னொட்டு இட்டுப் புதியவை என அடையாளம் காட்டினர்.

இந்தியாவில் சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம் உருவாக்கி 2007 முதல் வெளியிட்டு வரும் பாஸ் லினக்ஸ் டெபியனின் வழி வந்தது. 2011இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோசோடு இதுவும் நிறுவப்பட்டு வழங்கப்பட்டது. புதுக்கோட்டை உள்ளிட்ட மாவட்டங்களின் அரசு, அரசு உதவிபெறும் பள்ளி மாணவர் பலர் லினக்சை முதன்முதலாகக் கண்டது அம்மடிக்கணினிகளில்தான். வழிநிலை வழங்கலுக்கு ஓர் உரிமையும் ஒரு சுமையும் உண்டு. டெபியன் செய்து முடித்த பெயர்வை அது உழைப்பின்றிப் பெறுகிறது. ஆனால் தான் சேர்த்த பொதிகளைத் தானே மீண்டும் நிரல்பெயர்க்க வேண்டும். களஞ்சியத்தில் இல்லாத ஒன்றைப் பள்ளி ஆசிரியரோ கல்லூரி ஆய்வகப் பொறுப்பாளரோ நிறுவியிருந்தால், அதற்கு எந்தப் பெயர்வுக் குழுவும் பொறுப்பேற்காது.

அவ்வாறான இடங்களில் காணப்படும் பொதுவான தவறுகள் இரண்டு. முதலாவது, வேறொரு வழங்கலின் களஞ்சியத்தைத் தன் பட்டியலில் சேர்ப்பது. ஒரு மென்பொருளுக்காகச் சேர்த்த களஞ்சியம் ஜிலிப்சியைப் புதுப்பிக்கச் சொல்லும். அது மேலும் இருபது பொதிகளை இழுக்கும். ஈற்றில் அக்கணினி எந்த வழங்கலும் அன்று என்ற நிலையை எய்தும். நிறுவுவதற்கு முன் ஆப்ட் கருவியின் ஒத்திகை வசதியைக் கொண்டு எவையெவை நீக்கப்படும் என்று பார்ப்பது இதனைத் தவிர்க்கும். இரண்டாவது தவறு இன்னும் பரவலானது. பழைய நிரலகம் இல்லை என்று மென்பொருள் முறையிட்டால், புதிய நிரலகத்துக்குப் பழைய பெயரில் ஒரு குறுவழி அமைத்துவிடுவது. புதிய பதிப்பு நூலின் அட்டையைக் கிழித்துப் பழைய அட்டையை ஒட்டுவதற்கு இது நிகர். சில வேளைகளில் முத்திரைச் சரிபார்ப்பு தடுத்துவிடும். தடுக்காதபோதுதான் இடர். ஓப்பன்எஸ்எஸ்எல் 1.0இல் மென்பொருள்கள் நேரடியாகத் தொட்ட கட்டமைப்பு உறுப்புகளை 2016இல் வந்த 1.1 பெரும்பாலும் மறைத்துவிட்டது. பெயரை மட்டும் மாற்றி இரண்டையும் இணைப்பது மறையாக்கத்தையே நம்பத்தகாததாக்கும்.

மூல நிரல் இருந்தால் மீண்டும் நிரல்பெயர்ப்பதே முதல் தீர்வு. இல்லாதபோது, பழைய நிரலகங்களோடு சேர்த்தே மென்பொருளைத் தனிக் கலனில் அடைத்து இயக்கலாம். பிளாட்பேக், ஆப்இமேஜ் முதலியன இதற்கென உள்ளவை. ஆயின் கலனுக்குள் இருக்கும் பழைய நிரலகத்துக்கு வழங்கலின் பாதுகாப்புத் திருத்தங்கள் வந்துசேர்வதில்லை. இணையத்தோடு தொடர்பில்லாத பழைய அகராதி மென்பொருளுக்கு இது பொருந்தும், உலாவிக்குப் பொருந்தாது.

2038ஐ நோக்கி

தற்போது நடந்துவரும் பெயர்வு ஒன்று பழைய கணினிகளைப் பேணுவோர் அறியவேண்டியது. 32 பிட்டுக் கணினிகளில் நேரம் 1970 முதலான வினாடிகளின் எண்ணிக்கையாக 32 பிட்டுகளில் சேமிக்கப்பட்டது. அதன் உச்ச எண் 2,147,483,647. இந்திய நேரப்படி 2038 சனவரி 19 காலை 8 மணி 44 நிமிடம் 7 வினாடிக்கு அது நிரம்பும். அடுத்த வினாடியில் கணினி 1901க்குச் செல்லும். நேரத்தை 64 பிட்டாக்கினால் சிக்கல் தீரும். ஆனால் நேரத்தைத் தாங்கிய ஒவ்வொரு கட்டமைப்பின் அளவும் மாறும். அதாவது இரும இடைமுகம் முறியும். 2024இல் டெபியன் இதனை மேற்கொண்டு நூற்றுக்கணக்கான நிரலகப் பொதிகளுக்குப் புதிய பின்னொட்டு இட்டது.

32 பிட்டு ஆர்ம் கணினிகளுக்கு நேரம் 64 பிட்டாக மாற்றப்பட்டது. இன்டெல் வகை 32 பிட்டுக் கணினிகளுக்கு மாற்றப்படவில்லை. மூல நிரல் தொலைந்த பழைய மென்பொருள்களை இயக்குவதற்காகவே அவ்வகை இன்று பெரிதும் தேவைப்படுகிறது. இடைமுகத்தை முறித்தால் அந்த ஒரே பயனும் அற்றுப்போகும் என்பது கூறப்பட்ட காரணம். 2025 ஆகஸ்டு 9இல் வெளியான டெபியன் 13, அவ்வகைக் கணினிகளில் நிறுவுவதற்கான கருவியையும் கருநிரலையும் வழங்குவதில்லை. 64 பிட்டு அமைப்பின் மேல் பழைய மென்பொருளை இயக்குவதற்கான நிரலகங்கள் மட்டுமே உள்ளன. பள்ளிகளிலும் சிறு நூலகங்களிலும் எஞ்சியுள்ள 32 பிட்டுக் கணினிகளுக்கு டெபியன் 12ஏ இறுதி. அதன் நீண்டகால ஆதரவு 2028 சூன் வரை. கல்வெட்டுப் படிகளையோ ஊர்ப்பெயர்ப் பட்டியல்களையோ அத்தகைய கணினியில் வைத்திருப்போர், அதற்குள் தரவை ஒருங்குறி உரைக்கோப்பாக வெளியே எடுத்து, 64 பிட்டுக் கணினி ஒன்றில் திறந்து, பின்னங்களின் மதிப்பும் ஊர்ப்பெயர்களின் வரிசையும் சரியாக வருகின்றனவா என ஒருமுறை ஒப்புநோக்கிவிட வேண்டும்.